விரிப்பின் மறுமுனை

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளரின் வலது கை, சொல்லாமல் கொள்ளாமல், தொடைப் பக்கம் தொங்கிவிட்டது. எழுந்ததிலிருந்தே இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி, ஈரத் துணியை யாரோ நிதானமாக முறுக்கிப் பிழிவதுபோல. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார்; கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. இஸ்திரிப் பெட்டியே இல்லாத அந்த அறையில் தீய்ந்த பருத்தியின் வாசனை எழுந்தது. மனைவி ஓடிவந்து அறைக்குள் கால் வைத்த நொடியில் கை தானாக உயர்ந்தது, நாக்கு திரும்பியது, பொத்தான்கூடச் சரியான துளையில் போய் உட்கார்ந்தது.

"நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள் அவள்.

வலியைவிட அந்த வாக்கியம்தான் அவரைப் பயமுறுத்தியது. அது அவருடைய வாக்கியம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய விறைப்பைப் பார்த்துப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கஞ்சி. உடம்பு சரியில்லை என்று யார் வந்தாலும் கஞ்சி ஒரு படுக்கை விரிப்பை எடுத்து உதறுவார். ஒரு முனை அவருக்கு, மறுமுனை வந்தவளுக்கு. மூலையோடு மூலை சேர்த்து, மடிக்க மடிக்கக் கிட்டே நடந்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டால் நோயில்லை. "நல்லாத்தானே இருக்கே" என்பார். போய் வேலையைப் பார்க்கலாம். டாக்டருக்கே தோன்றாத சோதனை என்று பெருமை வேறு.

இஸ்திரி மேசையில் நின்ற பெரியக்கா ஒவ்வொரு முறையும் அதில் தேறினாள். தலைக்குள்ளே பிழிகிறது, கை விழுந்துவிட்டது, பேச்சு குழறுகிறது என்று ஆள் அனுப்புவாள். அவர் தன் அறையிலிருந்து ஆடி அசைந்து வருவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். கடைசி முறை மடித்ததைக் கொடுக்கும்போது அவள் பிடியை விடவில்லை.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க சார். வரட்டும். அன்னிக்கு மறுமுனையை நான் பிடிக்கிறேன்."

மறுநாள் மேசைமேல் குப்புற விழுந்தாள். வலது கை சூடான இஸ்திரிக்கு அடியிலேயே கிடந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வாசனை வந்த பிறகுதான் மற்றவர்கள் ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இப்போது தனக்கு என்றதும் கஞ்சி நேரே டாக்டரிடம் ஓடினார். மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது, சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அடுத்தது பெரிதாக வரலாம், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார் டாக்டர். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று கூடத்துக்குள் நுழைந்ததுதான் தப்பு. முதலாளி எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தபடி ஒரு விரிப்பை உதறினார். உங்கள் சட்டம்தானே, மடியுங்கள் என்றார். மூலைகள் இம்மி பிசகாமல் சேர்ந்தன. இன்றைய துணியெல்லாம் வண்டி ஏறியதும் போகலாம் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். தன் சோதனையே பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இயந்திரங்கள் ஓய்ந்து, குழாய்களுக்குள் ஆவி மட்டும் சீறிச் சீறி அடங்கிக்கொண்டிருக்க, வரிசையாகத் தொங்கிய ஈர விரிப்புகளின் நிழல்களுக்கு நடுவே, வேலை போனால் போகட்டும், உயிர் இருந்தால் போதும் என்று அவர் கதவை நோக்கி நடந்தார். கண்ணுக்குப் பின்னால் யாரோ பிழியத் தொடங்கினார்கள். கை விழுந்தது. நாக்கு விழுந்தது. தீய்ந்த வாசனை.

தள்ளுவண்டியிலிருந்த ஒரு விரிப்பு தன்னைத்தானே உதறிக்கொண்டது.

அதன் இரண்டு மூலைகள் அவர் கைகளுக்குள் வந்து புகுந்தன. செத்த கை எழுந்து இறுகப் பிடித்தது. எழுப்பியது அவர் இல்லை. எதிரே துணி விறைத்து நின்றது. அதன் மேல் விளிம்பில் விரல்கள். வலது கை விரல்கள் கருகியிருந்தன.

முதல் மடிப்பு. கிட்டே வந்தாள். அடுத்தது. இன்னும் கிட்டே.

கதவு திறந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் அங்கேயே நின்றார்கள். உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது. அவர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக மறுமுனையைப் பார்த்தார்கள். யாரும் அலறவில்லை.

பெரியக்காவின் மேசையில் இப்போது நிற்பவள் சொன்னாள்: "சார் நல்லாத்தானே இருக்காரு. மூலை சேருது பாருங்கடி." பிறகு மறுமுனையைப் பார்த்து, "நீங்க மெதுவா மடிங்கக்கா" என்றாள்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கடைசி மடிப்பில் கருகிய விரல்கள் அவர் விரல்கள்மேல் படிந்தன. சூடாக இருந்தன. மடித்த விரிப்பு மேசைக்குப் போனது. அடுத்தது உதறிக்கொண்டு எழுந்தது. தள்ளுவண்டி நிறைய இருந்தன.