உறிஞ்சினால் திறக்கும்

படுக்கையறையில் புளித்த முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தது. தோன்கா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோடோப் மலையில் பனிக்காலத்தில் எந்த வீட்டில்தான் அந்த நாற்றம் இல்லை? உப்புப் போட்டு மூடிய பீப்பாய் நிலவறையில் கிடக்கும்; மார்ச் வரை வீடே அதன் வாசம்தான், மூக்கைப் பிடிப்பது விருந்தாளி மட்டும்தான். ஆனால் கீழே இறங்கிப் பார்த்தால், பீப்பாய் மூடியும் மேலே கல்லுமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அங்கே வாசம் குறைவு. மேலே, ராங்கெலின் தலைமாட்டில்தான் அது கனமாக நின்றது.

"பீப்பாய் படியேறி வந்துச்சா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவர் ராங்கெல் கண்மூடிக் கிடந்தார். ஈயச் சுரங்கத்தில் ஆயுளெல்லாம் தூசி தின்ற நுரையீரல். மூக்கில் குழாய். கட்டிலடியில், காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஈரப்பனி மின்கம்பிகளை அறுத்துப் போட்டதிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுப்பது, வெளிச்சுவரை ஒட்டிய கொட்டகையில் இருக்கும் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் ஓடுவது கேஸில். மாட்டியிருப்பது கடைசி சிலிண்டர். அது நின்றால் பெட்டி நிற்கும், பெட்டி நின்றால் அவர் நின்றுவிடுவார்.

இருட்டத் தொடங்கியபோது போன் அடித்தது. பனி தள்ளும் வண்டி ஓட்டும் மின்ச்சோ.

"அக்கா, வண்டி வளைவுல சிக்கிக்கிச்சு. காலையில சிலிண்டரோட வந்து நிக்கிறேன்."

"எந்த வருசத்துக் காலையில?"

"அட, சத்தியமா! அண்ணன் என்ன பண்றாரு?"

"தூங்குறாரு. உன்ன மாதிரி குடிச்சிட்டுத் தூங்கல."

அவன் சிரிக்கும்போதே லைன் அறுந்தது. அந்தச் சிரிப்பு போனதும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது அவளுக்கு. ஊரில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. பனிக்கு முன்பே எல்லோரும் பிள்ளைகளிடம் போய்விட்டார்கள்.

அவள் அடுப்பில் கட்டை செருகிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் எஞ்சின் இருமியது. இரண்டு முறை திக்கியது. நின்றது.

விளக்கைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். சிலிண்டர் இடுப்பளவு வெளுத்திருந்தது. அது வழக்கம்தான்: உள்ளே கேஸ் திரவமாக இருக்கும், ஆவியானால்தான் எஞ்சினுக்கு ஆகும், ஆவியாகத் தேவையான சூட்டைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே பிடுங்கும். அதனால் உள்ளே எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு வெளியே உறைபனி பூக்கும். குழாய் நடுவே தட்டையான இரும்பு ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. எஞ்சின் மூச்சை இழுத்தால் சவ்வு வளைந்து வழி விடும். இழுக்காவிட்டால் ஒரு பொட்டுக்கூட விடாது. "பால்குடிப் பிள்ளை மாதிரிடி. உறிஞ்சினாத்தான் வரும், அழுதா வராது" என்று ராங்கெல் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்திருந்தார்.

அடுப்பிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவந்து சிலிண்டர்மேல் ஊற்றி உறைபனியைக் கரைத்தாள். ரெகுலேட்டர் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கேஸை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்தாள். "வாடி என் ராசாத்தி, ஒரே ஒரு தடவ." தோள் கழன்றுவிடும்போல வலிக்கும்வரை இழுத்தாள். ராசாத்தி மசியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை விட்டுவிட்டு நின்றாள்.

டக்.

ரெகுலேட்டர்.

மெல்லிய சீறல். பிறகு அமைதி. பிறகு மறுபடி, டக்.

எஞ்சின் அசையவில்லை. ஆனால் சவ்வு திறந்து மூடியது. நிதானமாக, ஓர் ஒழுங்கில். இப்போதுதான் கரைத்த உறைபனி மீண்டும் பூத்துக்கொண்டிருந்தது. யாரோ உறிஞ்சுகிறார்கள்.

வால்வைத் திருகி மூடினாள்.

சுவருக்கு அப்பால் ராங்கெல் திணறினார். தொண்டை கிழியும் சத்தம், கட்டில் உதறும் சத்தம். அவள் கை தானாகவே வால்வைத் திறந்தது. டக். திணறல் அடங்கியது. இன்னொரு முறை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே போனாள். பெட்டி செத்துக் கிடந்தது, குழாய் தரையில். ராங்கெல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நீளமாக, நிறைவாக, கல்யாணமான புதிதில் தூங்கியதுபோல. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து முகத்தருகே முகம் கொண்டுபோனாள். அவர் விட்ட மூச்சு அவள்மேல் பட்டது.

முட்டைக்கோஸ் இல்லை. கேஸ்.

அடுப்பில் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். விளக்கை அணைத்தாள். இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். பனியில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல விரல்கள் ஒட்டிக்கொண்டன. தடவிப் பார்த்தால் தாடியெல்லாம் உறைபனி. எஞ்சின் நிற்பதற்கு முன்பே, அந்த நாற்றம் வந்தபோதே அவர் போய்விட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலைத் திறக்க வேண்டும், வால்வை மூட வேண்டும். மூடினால் மீண்டும் சாவார், அதைக் கேட்க வேண்டும். அப்புறம் இந்த மலையில், இந்த வீட்டில், அவள் மட்டும். அந்தத் தனிமைதான் அவளுக்கு அவரைவிடப் பயமாக இருந்தது.

போர்வையை விலக்கிப் பக்கத்தில் படுத்தாள்.

இழுப்பு. டக். இழுப்பு. டக்.

நேரம் போகப் போக, சுவருக்கு அப்பால் சீறல் மெலிந்தது. பிறகு டக் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

"தோன்கா."

"சொல்லுங்க."

"தீந்துடுச்சு. வேற இருக்கா?"

"காலையில மின்ச்சோ கொண்டாருவான்."

"அதுவரைக்கும் தாங்காது."

கட்டில் கிறீச்சிட்டது. அருகில் கிடந்த உருவம் அவள் பக்கம் திரும்பியது. குளிர்ந்த வாய் அவள் வாயை முழுதாக மூடியது. இழுத்தது.

கொட்டகை அமைதியாக இருந்தது. அவள் மார்புக்குள், விலா எலும்புகளுக்குப் பின்னால், ஏதோ வளைந்து வழி விட்டது.

டக்.

பாதத்திலிருந்து கழுத்து வரை அவள்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்தது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.