கையைக் கட்டிக்கொண்டு நின்றவன்

மழை பிடித்த வேகத்தில், வண்டி சீட் தைக்கிற கடை வாசலில் அவள் பைக்கை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்பது ஒரு மரியாதைக்கு... வண்டி வலது பக்கமாகப் படுத்துவிட்டது.

இரண்டு இரும்புப் பெட்டி, மூன்று பேர் படுக்கிற கூடாரம், மடக்கு நாற்காலி, அடுப்பு, நாலு பாத்திரம். ஒரு மாதம் தன்னந்தனியாக ஊர் சுற்றி, போகிற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவள். எல்லாவற்றையும் கட்டி ஒத்திகை பார்க்கக் கிளம்பியதன் பலன் இது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தாள். வண்டி அசையவில்லை.

கடைக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். காதிடுக்கில் சாக்பீஸ், தோளில் நூல். அப்பாடா என்று நிமிர்ந்தாள். அவனோ படியிலேயே நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"என்ன சார், வேடிக்கையா?"

"தனியா போறீங்களா?"

"அதுக்கென்ன?"

"அப்ப நான் தூக்கக் கூடாதே... அங்க விழுந்தா யார் தூக்குவா?"

"இப்ப விழுந்தது இங்க!"

"கோபத்துல இழுத்தா இடுப்பு போயிடும். முதல்ல பெட்டியக் கழட்டுங்க மேடம்."

கழற்ற ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பெட்டிக்குள். பெட்டி வண்டிக்கு அடியில்!

அவன் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தான். சிரித்திருந்தாலாவது மன்னித்திருப்பாள். வழியே போன இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். நன்றியை அவர்களுக்கும் முறைப்பை அவனுக்கும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. மறுநாள் எவர் கண்ணைப் பார்த்தாலும், மழையைப் பார்த்த அந்தக் கண்கள்தான்... திமிர் பிடித்த கண்கள். என்ன அழகான திமிர்... சே!

வீட்டில் வேறு பூகம்பம். விழுந்த செய்தி அண்ணன் காதுக்குப் போய்விட்டது. வண்டி அண்ணனுடையது.

"ஞாயித்துக்கிழமை எல்லாச் சாமானோடயும் வண்டியப் படுக்கப் போடுவேன். நீ ஒருத்தியா நிமித்தினா சாவி உனக்கு. இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுடு."

அண்ணி எவ்வளவோ ஜாடை காட்டினாள். அண்ணன் மசியவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து வளர்த்த ஆசை, ஒரு சாவியில் வந்து தொங்கியது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அந்த சீட் கடைப்படி ஏறினாள்.

"அன்னைக்கு..." என்று இழுத்தாள்.

"ஸ்பானர் கிடைச்சுதா?" என்றான்.

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் வைத்த பந்தயத்தைச் சொன்னாள்.

துணி வெட்டுகிற மேசையில் சாமான்களைப் பரப்பச் சொன்னான்.

"மூணு பேர் கூடாரம் எதுக்கு?"

"தாராளமா இருக்கட்டும்னு..."

"ஒரு ஆளுக்குத் தாராளமா இருந்தா ராத்திரி குளிரும்ங்க."

கூடாரம் சிறியதாக மாறியது. நாலு பாத்திரத்தில் ஒன்றுதான் பிழைத்தது. நாற்காலியை மட்டும் அவள் விடவில்லை. "காலைல டீய மண்ணுல உக்காந்து குடிக்க மாட்டேன்!" சரி, உங்க வண்டி என்று விட்டுக்கொடுத்தான். இரும்புப் பெட்டிக்குப் பதில், தண்ணீர் புகாத துணியில் இரண்டு பைகள் தைத்தான். வாரை ஓர் இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும்.

சாயங்காலங்களில் கடைக்குப் பின்னால் பழகினாள். பக்க ஸ்டாண்டை முதலிலேயே நீட்டிவிட வேண்டும், கியரில் போட வேண்டும், சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் காலால் தள்ள வேண்டும். வழுக்கினாள், விழுந்தாள். அவன் அதே மாதிரி நின்றான். ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டபோது மட்டும், கையிலிருந்த ஊசி விரலில் ஏறிவிட்டது அவனுக்கு.

ஞாயிறு. அண்ணன் வண்டியைப் படுக்க வைத்தார். அவள் வார்களை இழுத்துப் பைகளைப் பிரித்தாள்.

"ஏய், சாமானோடதானே சொன்னேன்?"

"அங்கயும் இப்படித்தாண்ணா கழட்டுவேன்."

முதுகைக் கொடுத்தாள். ஒரு மூச்சு... பாதி எழுந்து நடுங்கியது. அண்ணன் கை தானாக நீண்டது, அண்ணி பிடித்து நிறுத்தினாள். இன்னொரு மூச்சு... வண்டி நிமிர்ந்து ஸ்டாண்டில் நின்றது.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை அவள் கையில் வைத்தார். "தினமும் போன் பண்ணு கழுதை."

அவன் கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். நேராகப் போனாள்.

"ரொம்ப நன்றி... நான் விழுந்தா தூக்கறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. நானே தூக்குவேன்னு நம்பினது நீங்க மட்டுந்தான். இத எப்பவும் மறக்க மாட்டேன்."

"நம்பினேன். ஆனா..." அவன் குரல் இறங்கியது. "சும்மா நிக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா? விட்டா இந்தக் கை ஓடி வந்துடும்னுதாங்க கட்டி வச்சேன். முதல் நாள்லேர்ந்தே... உங்கள அவ்ளோ பிடிச்சிருக்கு. கூட வரேன்னு கேக்க மாட்டேன். பத்திரமா திரும்பி வாங்க, போதும்."

ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்கு இந்தக் கண்களைப் பார்க்க வெட்கம் வந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"திரும்பி வந்ததும் உங்க கடை வாசல்லதான் நிறுத்துவேன்... இந்தத் தடவை விழாம."

அவன் அப்போதும் அப்படியே நின்றான்.

"வண்டிதான் நிமிர்ந்துடுச்சே... இன்னும் எதுக்குக் கையக் கட்டிக்கிட்டு?" என்று தன் கையை நீட்டினாள்.