குமிழி நிற்கக் கூடாது

இருபத்தேழு வாரத்தில் பிறந்த குழந்தை அவ்வளவு நன்றாக மூச்சு விட்டிருக்கக் கூடாது. நர்ஸ் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்: "உள்ளங்கை அளவு இருந்துக்கிட்டு என்னமா மூச்சு விடறான் பாருங்க!" பெற்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் மூச்சு கெட ஆரம்பித்தது. ஜன்னலே இல்லாத அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையின் விலா குழிந்து குழிந்து எழுந்தது. மூக்கில் செருகிய குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில் மூழ்கியிருக்க, அதில் குமிழிகள் குபுகுபுவென்று ஓயாமல் கொப்பளித்தன. மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாடை, பனிக்குடம் உடைந்த அன்று அவள் தொடை வழியே இறங்கிய அதே புளித்த, வெதுவெதுப்பான வாடை, மெல்லப் படர்ந்தது.

"குமிழியைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. நின்னா குழந்தைக்குக் காத்து போகலன்னு அர்த்தம், உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த பெட்டிக்குப் போனாள்.

பக்கத்தில் நாத்தனார் கைகட்டி நின்றாள். "எங்க வீட்ல யாரும் இப்படி அரைகுறையா பெத்ததில்ல. உனக்குத்தான் எல்லாத்துலயும் அவசரம்."

பெற்றவள் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் மாதத்தில் ஒருமுறை வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாள். அன்றிலிருந்து நாத்தனார் வாயில் அவள் பெயர் 'நாடகக்காரி'. அதனால்தான் பிரசவத்துக்கு முன் மூன்று நாள் காய்ச்சல் கொதித்தபோது வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் போகும் முன் மாத்திரை போட்டுக்கொண்டாள். தெர்மாமீட்டர் நல்லபிள்ளையாகப் பொய் சொன்னது. மூன்றாம் நாள், வயிற்றுக்குள் ஏதோ கொப்பளிப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. வாயு என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"நச்சுக்கொடி ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. உள்ள ரொம்ப நாளா அழற்சி இருந்திருக்கு. அந்தச் சூட்டுல நுரையீரல் அவசரமா முத்திடும். புகை போட்டுப் பழுக்க வச்ச பழம் மாதிரி. அதான் பொறந்ததும் அப்படி மூச்சு விட்டான். ஆனா காத்து நிக்கற அறைங்க உள்ள வளரவே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "காய்ச்சல் இருந்துச்சா? எத்தனை நாள்? தெரிஞ்சாதான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும். உண்மையைச் சொல்லுங்க."

நாத்தனார் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

மூன்று நாள். இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் மாத்திரையின் கசப்பு ஊறியது.

"இல்ல டாக்டர். காய்ச்சலே இல்ல."

டாக்டர் பெருமூச்சுவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். நாத்தனாரும் வெளியே போனாள்.

குபுகுபு. குபுகுபு.

சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதனால் சற்று நேரம் அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை.

பிறகு பார்த்தாள்.

தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு குமிழி இல்லை.

குபுகுபு.

பெட்டிக்குள் விலா குழியவில்லை. எழவில்லை.

"சிஸ்டர்..."

நர்ஸ் ஓடிவந்தாள். குழாயைத் தொட்டாள். பாட்டிலைப் பார்த்தாள். சத்தம் வரும் திசையைத் தேடித் தலையைத் திருப்பினாள். மெதுவாக. பெற்றவளின் முகத்தை நோக்கி இல்லை. அதற்குக் கீழே.

புளித்த வாடை குப்பென்று எழுந்தது.

பெற்றவள் குனிந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி அங்கிக்குள், நான்கு நாளாகக் காலியாகத் தொங்கிய வயிறு உள்ளே குழிந்தது. எழுந்தது. குழிந்தது. எழுந்தது. மிக வேகமாக. மிக நன்றாக.