கேள்விக்குறி போட்ட கல்

என் பட்டப்பெயர் மண்டைக்கனம். கணக்கில் நூற்றுக்கு எட்டு வாங்கியவளுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று கேட்காதீர்கள். வைத்தவர் அப்பா. இப்போது அவரிடம் கேட்கவும் முடியாது.

அவர் இறந்து மூன்று வாரம். அவர் வேலை பார்த்த கல் அருங்காட்சியகத்தில், அவருடைய மேசையைக் காலிசெய்ய அம்மாவும் நானும் போனோம். மூக்குக்கண்ணாடி, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு. அதன் ஜோடியைத் தேடி மேசைக்கடியில் நுழைந்து தலையை இடித்துக்கொண்டேன். மண்டை நிஜமாகவே கனத்தது.

கடைசி இழுப்பறையில் வெள்ளைக் கற்கள். எல்லாமே ஃபெல்ட்ஸ்பார், பாறைகளில் பரவலாகக் கிடைக்கும் கனிமம். பொட்டாசியம் வகை, சோடியம் வகை என்று ஒவ்வொன்றுக்கும் அப்பா சீட்டு எழுதியிருந்தார். ஒரு சீட்டில் மட்டும் வெறும் கேள்விக்குறி. தேதி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தைய நாள்.

"வகை தெரியாத கல்லுக்கு இங்க இடமில்ல பாப்பா. பின்னாடி ஜல்லிக் குவியல்ல போட்டுடு," என்றார் அருங்காட்சியகக் காப்பாளர்.

அப்பா கடைசியாக எழுதியது அதுதான். ஜல்லிக்கா?

அந்தக் கல்லை எடுத்தேன். அழுகையை அடக்க, அதே அளவுக் கல் ஒன்றை இன்னொரு கையில் எடுத்து இறுக்கிக்கொண்டேன். அப்பாவின் கல் இருந்த கை மட்டும் கீழே இறங்கியது.

"சார், இது கனமா இருக்கு."

"துக்கத்துல எல்லாமே கனமாத்தாம்மா தெரியும்."

"அப்போ ரெண்டு கையும்ல கனக்கணும்?"

காப்பாளர் என்னைப் பார்த்தார். கல்லை நூலில் கட்டி, வெளியே ஒரு தடவையும் தண்ணீருக்குள் ஒரு தடவையும் எடை போட்டார். பிறகு பேனாவைத் தேடினார். அது அவர் காதிலேயே இருந்தது.

"சாதாரண ஃபெல்ட்ஸ்பார் தண்ணியவிட ரெண்டரை மடங்கு கனம். இது மூணுக்கும் மேல! உள்ள பேரியம்ங்கிற கனமான உலோகம் இருக்கும்போல. அபூர்வமான வகை. ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி பண்ணணும்." குரல் தணிந்தது. "உங்கப்பா என்கிட்ட கேட்டார். அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டேன்."

புதுச் சீட்டை எடுத்தார். "கண்டறிந்தவர், யாருன்னு போட?"

"எங்க அப்பா."

"அப்படியே நான் எழுதினா, படிக்கிறவங்க என்னோட அப்பான்னுல்ல நினைப்பாங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

காப்பாளர் அப்பாவின் முழுப் பெயரையும் எழுதினார். பழைய சீட்டைக் கிழிக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது கேள்வி சார். பதிலுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்."

இருந்தது.

திரும்பும்போது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டோம். காலி டப்பாதான். ஆனாலும் வீடு வரை, நானும் அம்மாவும் மாறி மாறித்தான் தூக்கினோம்.