வெட்டி ஒட்டிய ‘ஆமா’

சமையலறைக் குழாயைத் திருகியபடி தீபலட்சுமி, “தண்ணி வந்துட்டா?” என்று தன்பாட்டில் கேட்டுக்கொண்டாள்.

“ஆமா” என்றது பின்கட்டு.

குழாயில் காற்றுதான் சீறியது. கணவன் செல்வகணேஷ் மில்லுக்குப் போயிருந்தான். வீட்டில் வேறு ஆளில்லை. பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைத்தாள். மதியத்திலிருந்தே தெருவில் கரண்ட் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மழைக்கு முந்திய வெக்கை சுவர்களுக்குள் தேங்கி நிற்க, எங்கோ தீப்பெட்டி ஆபீசிலிருந்து மருந்து வாடை மிதந்து வர, மங்கிக்கொண்டே போகும் சாயங்கால வெளிச்சத்தில் அவள் அசையாமல் நின்றாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். ஹெட்போனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்ட குரல்.

இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு வேலை, பாலிசி எடுப்பவர்களிடம் போனில் கேள்வி கேட்டு, பதிலைக் குரலாகவே கம்ப்யூட்டரில் பதிவு செய்வது. இடைசெவல் கிராமத்து விவசாயி சீனியிடமும் அப்படித்தான் கேட்டாள்.

“நெஞ்சுவலி வந்திருக்கா?”

“இல்ல தாயி.”

“சொன்னதெல்லாம் சம்மதமா?”

“ஆமா.”

அந்த வருஷமே கரிசல் காட்டில் பருத்தி எடுக்கையில் சீனி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து செத்தார். முன்னமே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது என்பது பாலிசி விதி. மேனேஜர் ராஜமணி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “ஒரே ஒரு ஆமாவ இடம் மாத்தும்மா. மத்தத கம்பெனி பாத்துக்கிடும்” என்றார். நெஞ்சுவலிக் கேள்விக்குப் பின்னால் அந்த ‘ஆமா’வை வெட்டி ஒட்டினாள். “இல்ல தாயி”யை அழித்தாள்.

சீனியின் மனைவி வெள்ளைத்தாய் ஆபீசுக்கு வந்து, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். புருஷன் குரல் கேட்டதும் முதலில் சிரித்தாள். அப்புறம் முகம் சுருங்கியது.

“அவிய சத்தம்தான். நெஞ்சுவலிய என்கிட்ட மறைச்சிட்டாவளா தாயி?”

தீபலட்சுமி, ஆமாம் என்று தலையாட்டினாள். கோர்ட்டும் அந்தப் பதிவையே நம்பியது. பணம் போனதைவிட, அந்தப் பொம்பளை சாகும்வரை புருஷனைப் பொய்யன் என்று நினைப்பாளே என்பதுதான் இவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

இப்போது பின்கட்டில் ஒரு செருமல்.

“யாரு?”

“ஆமா.”

அதே இழுப்பு. அதே நறுக்கென்ற முடிவு. கத்தரித்த இடத்தில் முடிகிற குரல்.

“நான் செஞ்சது தப்புத்தான். எல்லார்ட்டயும் சொல்லிருதேன். போயிருதீயளா?”

அப்புறம், அவள் காதோரத்தில், மூச்சுக்காற்றில்லாமல்:

“இல்ல தாயி.”

அவள் அழித்த பதில். எந்தப் பதிவிலும் இப்போது இல்லாதது.

செல்போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். செல்வகணேஷ்.

“ஏட்டி, இன்னொரு ஷிப்டும் பாக்கச் சொல்லுதாவ. தனியா இருந்துக்கிடுவியா?”

இல்லை. வந்துருங்க. உடனே வந்துருங்க. நாக்கு மேலண்ணத்தில் முட்டியது. உதடு விரிந்தது. இல்ல, இல்ல, இல்ல என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

போனுக்குள் அவள் குரல் கேட்டது. அமைதியாக. நறுக்கென்று.

“ஆமா.”

“சரி. கதவ நல்லாச் சாத்திக்கோ.”

போன் அணைந்தது. அவள் வாய் திறந்தே இருந்தது. சத்தமில்லை.

வாசற்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதனடியிலிருந்து, ஈரக் கரிசல் மண் அப்பிய பாதச் சுவடுகள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்துகொண்டே அவளை நோக்கி வந்தன.