கப்பியின் எடை

“மறுபடியும் ரெண்டு பக்கமும் முப்பத்தேழரைன்னு எழுதியிருக்க, பிலோமி.”

ஆவுடை இதைக் கோபமில்லாமல் சொன்னாள். கோபப்படாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு ருசியே ஏற்பட்டிருந்தது. சங்கரன்கோவிலில் அவள் வீட்டு மேசைமேல் சாய்த்து வைத்திருந்த எழுதுபலகையில், மணப்பாட்டிலிருந்து பிலோமி எழுதிய விடை வந்து நின்றது. கணக்கு இதுதான்: ஒரு கப்பியின் மேல் கயிறு ஓடுகிறது. கயிற்றின் ஒரு முனையில் ஐந்து கிலோ, மறுமுனையில் மூன்று கிலோ தொங்குகின்றன. கப்பி நான்கு கிலோ எடையுள்ள தட்டு. கயிற்றின் இழுவிசை ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு?

“மன்னிச்சிரு ஏட்டி. மண்டையில ஏறவே மாட்டேங்கு,” என்றது பிலோமியின் குரல்.

“கப்பிக்கு எடை இருக்குல்லா? சும்மா நிக்கிறது சுத்தி வேகமெடுக்கணும்னா ஒரு பக்கம் கூடுதலா இழுக்கணும். ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா அது ஏன் சுத்தப் போவுது? அஞ்சு கிலோ பக்கம் நாப்பது நியூட்டன், மூணு கிலோ பக்கம் முப்பத்தாறு. மிச்சம் நிக்கிற அந்த நாலுதான் கப்பியத் திருப்புது.”

சொல்லச் சொல்ல அவளுக்கே கணக்கு இன்னும் தெளிவானது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கற்பிப்பவர்தான் நன்றாகக் கற்கிறார் என்று கண்டுபிடித்த பிறகு, படிக்கச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவரைவிடக் கொஞ்சம் மெதுவான துணை ஒருவரைக் கொடுத்தார்கள். இரண்டு பேரின் குரலையும் எழுத்தையும் கொண்டுபோய்க் கொடுக்கும் கருவிக்கு இடையாள் என்று பெயர். அது என்ன செய்கிறதென்று யாரும் விசாரிக்கவில்லை. முதல் பாடங்களில் ‘கப்பிக்கு எடையில்லை என்று கொள்க’ என்று எழுதியிருப்பார்களே, இடையாளையும் எல்லோரும் அப்படியே கொண்டார்கள்.

இறுதித் தேர்வில் ஆவுடைக்கு வடிவமைப்புப் பிரிவில் இடம் கிடைத்தது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் பயிலகத்தில் அதுதான் மேல் பிரிவு. சிறு வயதில் நாகர்கோவில் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்த அந்தப் பெரிய இறக்கைகளில் ஒன்றையாவது தானே வரைந்துவிட வேண்டுமென்பது அவள் ஆசை. ஆனால் பிலோமிக்குப் பராமரிப்புப் பிரிவுதான் கிடைத்திருக்கும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுப் புண்படுத்த வேண்டாமென்று கேட்கவுமில்லை. தானும் பராமரிப்பையே தேர்ந்தெடுத்தாள்.

“நீ ஆசைப்பட்டுக் கேட்டதே இது ஒண்ணுதான். அதயும் விட்டுட்டு வாரியே,” என்றான் அவள் கணவன் மாரிக்கனி.

“அவ தனியா என்ன செய்வா?”

அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகைக்குள்ளும் ஒரு சுகம் இருந்தது. ஒருத்திக்காக ஒன்றை இழக்கக்கூடியவள் தான் என்ற சுகம்.

முதல் நாள் பயிலக வாசலில்தான் இருவரும் முதன்முதலாக நேரில் பார்த்தார்கள். பிலோமி நெட்டையாக இருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு ஆவுடையின் தோளில் அழுதாள். வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்.

ஆசிரியை பலகையில் ஒரு கப்பியை வரைந்தார். ஐந்து கிலோ, மூன்று கிலோ, தட்டு நான்கு கிலோ.

“இடைவேளைக்கு அப்புறம் விடை சொன்னாப் போதும்,” என்றார்.

ஆவுடை பிலோமியின் காதருகே குனிந்தாள். “பயப்படாத. கப்பிக்கு எடை உண்டு, ஞாபகம் வச்சுக்கோ.”

அதே நொடியில் பிலோமியும் அவள் கையைப் பிடித்து, “பதறாத ஏட்டி. முப்பத்தேழரைன்னு எழுதிராத,” என்றாள்.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

“முப்பத்தேழரைன்னு எழுதுறது நீதான?” என்றாள் ஆவுடை.

“நானா? எங்க அப்பா மீன்பிடி வள்ளத்துல கப்பிக் கயிறு இழுத்து வளந்தவ நான். எனக்கா தெரியாது? உனக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு!”

இடைவேளையில் உணவுக்கூடத்து மூலையில் இரண்டு எழுதுபலகைகளையும் எதிரெதிரே வைத்தார்கள். பிலோமி தன் பலகையில் நாற்பது, முப்பத்தாறு என்று எழுதினாள். ஆவுடையின் பலகையில் முப்பத்தேழரை என்று விழுந்தது. பிலோமியின் கையெழுத்தேதான். அவள் அடித்துத் திருத்தும் விதம்கூட மாறவில்லை. கூடவே காதில் மாட்டியிருந்த ஒலிப்பானில் குரல் வந்தது: “மன்னிச்சிரு ஏட்டி. மண்டையில ஏறவே மாட்டேங்கு.”

எதிரே பிலோமியின் உதடுகள் அசையவில்லை.

ஆவுடை நேசித்தது அந்த மன்னிப்பைத்தான். அப்படி மன்னிப்புக் கேட்கிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அவள் இத்தனை நாள் பொறுமைசாலியாகவும் நல்லவளாகவும் இருந்தாள். அந்த ஒருத்தி இல்லவே இல்லை.

“எனக்கு மேல் பிரிவு கெடைச்சுது,” என்றாள் பிலோமி மெதுவாக. “உனக்காகத்தான் இங்க வந்தேன்.”

“எனக்கும் கெடைச்சுது. நானும் உனக்காகத்தான்...”

“எனக்காக நீ எறங்கி வந்தியா? யாருட்டி ஒங்கிட்ட கேட்டா?”

“ஒன்ன யாரு கேட்டா?”

“நான் பாசத்துல வந்தேன்.”

“நான் மட்டும் என்னவாம்?”

“நீ எரக்கப்பட்டு வந்திருக்க. வாசல்ல என் முதுகத் தட்டுனியே, அதுலயே தெரிஞ்சுது. சீக்காளியத் தட்டுற மாதிரி.”

ஆவுடைக்குச் சுருக்கென்றது. பிலோமி கட்டிப்பிடித்து அழுதபோது அவள் கையும் அப்படித்தான் தட்டியிருந்தது. இடையாள் ஏமாற்றியதை ஒரு கருவியின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இத்தனை காலமும் பிலோமி தன்னை மந்தம் என்று நம்பினாள், நம்பிக்கொண்டே அன்பாக இருந்தாள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தான் செய்ததும் அதேதான் என்று தெரிந்தும் அந்த வலி குறையவில்லை.

அலுவலகத்தில் விசாரித்தார்கள். சேர்ந்த பிறகு பிரிவு மாற முடியாது என்றார்கள்.

வகுப்பு மறுபடி கூடியது. “யார் சொல்றீங்க?” என்றார் ஆசிரியை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் திகைத்துப்போய் ஒவ்வொருவராகக் கேட்டார். நாற்பது, முப்பத்தாறு. நாற்பது, முப்பத்தாறு. “பராமரிப்புப் பிரிவில இப்படி ஒரு வகுப்ப நான் பார்த்ததே இல்லை,” என்றார்.

ஆவுடை திரும்பிப் பார்த்தாள். பெஞ்சுக்குப் பெஞ்சு இரண்டிரண்டு பேர் ஒருவரையொருவர் வெறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தன்னைவிட மெதுவான துணை கிடைக்கும் என்றால், அந்த மெதுவானவருக்கு யார் கிடைப்பார்? ஒரு குழந்தைகூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்த மெதுவானவர் தானாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாததால் யாரும் கேட்கவில்லை. எதிர்க் கட்டடத்தில் வடிவமைப்புப் பிரிவின் ஜன்னல்கள் தெரிந்தன. இனி இறக்கைகளை வரையப் போகிறவர்கள், துணையை விட்டுவிட்டுப் போக மனம் வந்தவர்கள்தான்.

ஆசிரியை அடுத்த கேள்வியை எழுதினார்: ஒரே எடை, ஒரே ஆரம் உள்ள ஒரு வளையமும் ஒரு தட்டும் சரிவில் சேர்ந்து உருண்டால் எது முதலில் கீழே வரும்?

தட்டு. வளையத்தின் எடை முழுவதும் விளிம்பில் இருப்பதால் அதைச் சுழற்றுவது கடினம். ஆவுடை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிலோமி தாளில் ‘வளையம்’ என்று எழுதியிருந்தாள். பேனாவைக் கடித்தபடி, கண் கலங்க, ஆவுடையை நோக்கித் திரும்பினாள்.

“ஏட்டி, இது மண்டையில ஏறல. சொல்லித் தாயேன்.”

இடையில் இப்போது எந்தக் கருவியும் இல்லை. பிலோமியின் உதடுகள் அசைந்ததை அவளே பார்த்தாள். நிஜமாகவே தெரியவில்லையா, இல்லை, பாவம் ஆவுடை என்று நினைத்து இதையும் அவளுக்காகவே தப்பாக எழுதியிருக்கிறாளா?

பிலோமி காத்திருந்தாள்.