தரைக்கு அடியில் ஏறிய கடல்

ஒரு மாதமாக மழையே இல்லை. ஆனாலும் காலையிலிருந்து சமையலறைத் தரை ஈரமாகவே கிடந்தது. துடைக்கத் துடைக்க, கல் இடுக்குகளில் அழுகிய பாசி வாடையோடு நீர் மெல்லக் கசிந்து வந்தது. தையல்காரிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவள் கணவன் ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிறவன். சொந்த வீட்டு வேலைக்குத்தான் நேரம் கிடைக்காது. குடிக்கிற தண்ணீர் உப்புக் கரித்த பிறகே அசைந்தான். தரைக்கு அடியில் புதைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டியை மோட்டார் போட்டு ஒட்ட இறைத்துவிட்டு, தரையில் இருந்த திறப்பு வழியாக உள்ளே இறங்கினான்.

"கடல் அவ்ளோ தூரத்துல இருக்கே. உப்பு எப்படிங்க வரும்?"

"கடல் வருஷா வருஷம் ஏறுது. வாசல் வழியாத்தான் வரணுமா என்ன? அது ஏறினா மணலுக்கு அடியில இருக்கிற தண்ணியும் ஏறும். பௌர்ணமி வேற. டார்ச்சை நல்லா காட்டு."

காட்டினாள். தொட்டிக்கும் கீழே, கனமான பீரோவை யாரோ நகர்த்துவதுபோல் ஒரு சத்தம்.

"மேல வந்துடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான் பயம் இல்ல?" என்று சிரித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் காலடியில் தொட்டி அசைந்தது.

"முழுசா இறைச்சிருக்கக் கூடாது," என்றான் தாழ்ந்த குரலில். "காலித் தொட்டி மிதக்கும். கையக் குடு."

கொடுத்தாள். பிடித்தான். தரை வெடித்தது.

தொட்டி கோணலாக மேலே எம்பியது. அதன் வாயிலிருந்த இரும்பு வளையம் திறப்பை விட்டு விலகி, அவன் மணிக்கட்டைத் தரையின் விளிம்போடு சேர்த்து நசுக்கியது. எலும்பு முறிவது அவளுக்குக் கேட்டது. அதன்பின் அவன் அலறியது.

"தண்ணிய விடு... பாரம் ஏறினா இறங்கும்..."

பிடித்த கையை விடாமல், மறு கையால் ரப்பர் குழாயை இழுத்து இடுக்கில் சொருகி, மாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தொட்டி இறங்கவில்லை. தண்ணீர்தான் ஏறியது. இடுப்பு என்றான். கழுத்து என்றான். போதும் என்றான்.

மூடினாள்.

நிற்கவில்லை. இடுக்கு வழியே பொங்கி வந்தது. உப்பு. ரத்தம்.

கீழிருந்து ஓர் இடி. வளையம் மணிக்கட்டில் இன்னும் ஆழமாக இறங்கியது. இன்னோர் இடி. சட்டென்று கை இலகுவாகிவிட்டது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

இருட்டுக்குள்ளிருந்து, வாய் நிறைய நீரோடு, அவன் குரல்.

"இருக்கியா? கைய மட்டும் விட்டுடாத."

அவள் விடவில்லை. மடியில் கிடந்த அந்தக் கையின் விரல்களும் அவளை விடவில்லை.